இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுவோருக்கு: எதை முதலில், எதைப் பிறகு

பயிற்சி விமானத்தின் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மீட்டரும் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே கதிரையில் இருந்து பழகக்கூடிய ஒன்றை ஆகாயத்தில் பழகுவது வீண் செலவு. கொழும்புக்கு அருகே இரத்மலானை விமான நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவதற்குக் காரணம், முன்னுக்குச் செய்ய வேண்டியதைப் பின்னுக்கு வைப்பதுதான். அடிவானத்தைப் பார்த்து மூக்கின் நிலையைப் பிடிக்கத் தெரியாமல் தரையிறக்கம் பழகுவார்கள். ரேடியோ விளங்காமல் சேர்க்கிட்டுக்கு (ஓடுபாதையைச் சுற்றிவந்து ஏறி இறங்கிப் பழகும் சுற்றுப்பாதைக்கு) போவார்கள். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கெடுக்கும்.

கீழே வரும் வேகங்களும் அளவுகளும் செஸ்னா 152 என்ற இரு இருக்கைப் பயிற்சி விமானத்துக்கு உரியவை. நீங்கள் ஓட்டுவது வேறு விமானமென்றால் அதன் கைநூல் சொல்வதே முடிவு.

1. காசு கட்டும் முன் மருத்துவரிடம் போங்கள்

தனியார் விமானி உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம்தான் இதை எடுக்கலாம். பின்னாளில் இதையே தொழிலாக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் முதலாம் வகுப்புப் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறைபாடோ இதயத் துடிப்பில் ஒரு பிசகோ பாதிப் பயிற்சியில் தெரியவந்தால் கட்டிய காசும் போகும், மனமும் உடையும்.

கண்ணாடி போடுவது தடையில்லை. ஆனால் பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது காசுக் கணக்கு. சர்வதேச விதிப்படி ஆகக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு வேண்டும். அதில் 10 மணித்தியாலம் தனியே பறந்தது; அந்த 10இல் 5 ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தனியே போனது. 40 என்பது அடிமட்டம். அதோடு முடிப்பவர்கள் குறைவு. 40க்கு மட்டும் காசு சேர்த்துக்கொண்டு தொடங்கினால் நடுவில் நிற்க வேண்டிவரும். ஒரு மாதம் நின்றால் அடுத்த பறப்பு முழுவதும் பழையதை மீட்பதிலேயே போய்விடும். வாரத்தில் இரண்டு, மூன்று தடவை இடைவிடாமல் பறக்கக்கூடிய நிலை வரும்வரை பொறுத்திருந்து தொடங்குவதே மலிவு.

2. கதிரையில் இருந்து பழக வேண்டியவை

விமானியின் இருக்கையிலிருந்து கருவிப் பலகையைப் படம் எடுத்து, உண்மையான அளவுக்கு நெருங்கப் பெரிதாக்கி அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு, எஞ்சினை இயக்குவதிலிருந்து நிறுத்துவது வரை ஒவ்வொரு சுவிட்சையும் கையால் தொட்டு, வாயால் சொல்லிச் செய்யுங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை.

வேகங்கள் யோசிக்காமல் வாயில் வர வேண்டும்: சக்கரம் தூக்க 50 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்), ஏற 67, எஞ்சின் நின்றால் மிதக்க 60, ஃபிளாப் (இறக்கையின் பின்னோரத்தில் கீழிறக்கும் தட்டு) இறக்க மேல் எல்லை 85. எஞ்சின் நின்றுபோன நேரத்தில் மனம் கணக்குப் பார்க்காது, மனப்பாடம் மட்டும்தான் வரும்.

கணினிச் சிமுலேட்டரை ஒழுங்குமுறைகளுக்கும் வழிகண்டறிதலுக்கும் பயன்படுத்துங்கள். தரையிறக்கம் பழக வேண்டாம். சிமுலேட்டரில் ஊறியவர்களை முதல் பறப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். கண் விமானத்தின் முன்கண்ணாடிக்கு வெளியே போகவே போகாது. அந்தப் பழக்கத்தை உடைக்க எடுக்கும் நேரத்துக்கும் காசு கட்ட வேண்டும்.

3. ரேடியோ

பறப்பதைவிட ரேடியோவுக்குப் பயப்படுகிறவர்கள் நம்மவர்களில் அதிகம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வேகமாக வரும் ஆங்கிலம் முதல் நாளில் இரைச்சலாகத்தான் கேட்கும். இதற்கு ஆங்கில இலக்கணம் படிக்கத் தேவையில்லை. ரேடியோவில் பேசப்படுவது சில டசின் வாக்கியங்கள்தான். எது எந்த இடத்தில் வரும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வரிசை எப்போதும் ஒன்றே: யாரைக் கூப்பிடுகிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும். "இரத்மலானா டவர்", பிறகு ஃபோர் ரோமியோ (4R, இலங்கை விமானங்களின் குறி) என்று தொடங்கும் உங்கள் அழைப்புக்குறி, "டவுன்விண்ட், ரன்வே டூ டூ, டச் அண்ட் கோ." அவ்வளவுதான். (டவுன்விண்ட் என்பது சேர்க்கிட்டில் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் எதிர்த்திசையாகப் போகும் பகுதி. டச் அண்ட் கோ என்பது தரையைத் தொட்டு நிற்காமல் மீண்டும் எழும்புவது.) பொத்தானை அழுத்தும் முன் முழு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அழுத்தியபின் "ஆ... ஆ..." என்று இழுத்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது.

ஓடுபாதை எண், கியூஎன்எச் (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த அளவு), உயரம், திசை, அனுமதி ஆகியவற்றைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். பிழையாகக் கேட்டிருந்தால் பிடிபடுவது அந்த இடத்தில்தான்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, விளங்காதபோது வெட்கப்பட்டு "ரோஜர்" (கேட்டுக்கொண்டேன்) என்று சொல்லிவிடுவது. "சே அகெய்ன்" (திரும்பச் சொல்லுங்கள்) என்று கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ரோஜர் சொல்லிவிட்டு ஓடுபாதைக்குள் நுழைந்தால்தான் சிக்கல்.

4. பறப்புக்கு நேரம் எடுப்பதற்கு முன் வானத்தைப் பாருங்கள்

கொழும்பில் காலை நேரம்தான் பயிற்சிக்கு உகந்தது. சூரியன் ஏறி நிலம் சூடாகியபின் கடற்காற்று எழும்பும், காற்று கலங்கத் தொடங்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் பிற்பகலுக்கு நேரம் எடுத்துவிட்டு, மழை விட்டால் பறக்கலாம் என்று காத்திருப்பது நாளைப் பாழாக்குவது.

இரத்மலானை ஓடுபாதையின் ஒரு முனை 04, மறுமுனை 22 (திசைகாட்டியில் ஏறத்தாழ 40, 220 பாகை). தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை வீசும்போது பெரும்பாலும் 22 முனைதான் வேலைசெய்யும். காற்று சரியாக ஓடுபாதையின் திசையில் வந்துவிடாது. 260 பாகையிலிருந்து 15 நொட் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓடுபாதைக்கு 40 பாகை சாய்வு, பக்கக்காற்று ஏறத்தாழ 10 நொட். செஸ்னா 152 சோதனையில் தரையிறங்கிக் காட்டிய பக்கக்காற்று 12 நொட். தரையிறக்கத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர் அந்த நாளில் மேலே போய் வேறு பயிற்சி செய்வது நல்லது. காற்று அமைதியான காலைகளை முதல் தரையிறக்கங்களுக்கு ஒதுக்கிவைத்து, பக்கக்காற்றைப் பிறகு தேடிப்போய்ப் பழகலாம்.

மெட்டார் எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கையில் வரும் நேரம் நமது நேரமல்ல, உலகப் பொது நேரம் (UTC). 0130 என்று இருந்தால் இங்கே காலை 7 மணி. நோட்டாமும் (விமானிகளுக்கான அறிவித்தல்) அப்படியே. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட மறந்து பழைய அறிக்கையைப் புதியதென்று வாசிப்பது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்று வெப்பம். வெளியே 32 பாகை என்றால் கடல் மட்டத்துக்கான நியம வெப்பநிலையான 15ஐவிட 17 கூட. பாகைக்கு 120 அடி என்று பார்த்தால், கடல் மட்டத்தில் நிற்கும் விமானம் 2,000 அடி உயரத்தில் நிற்பதுபோல்தான் நடந்துகொள்ளும். இருவர் ஏறி, தாங்கியும் நிரம்பியிருந்தால் ஓட்டம் நீளும், ஏற்றம் சோரும். எடைக் கணக்கை ஒவ்வொரு தடவையும் போடச் சொல்வது இதனால்தான்.

5. விமானத்தைச் சுற்றி வரும்போது

சரிபார்ப்புப் பட்டியலை வாசித்துக்கொண்டே நடப்பதற்கும் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்த ஊரில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது எரிபொருளில் தண்ணீர். ஈரப்பதன் கூடிய ஊரில் பாதி நிரம்பிய தாங்கி இரவு முழுக்க நின்றால் உள்ளே நீர் படியும். மழைநீர் மூடி வழியாகவும் இறங்கும். ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் வடிகட்டியிலிருந்தும் குவளையில் எடுத்து, இறக்கையின் வெள்ளை நிறத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இந்த விமானத்தின் எரிபொருளான அவ்காஸ் 100எல்எல் மெல்லிய நீலம். தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் குமிழாக உருளும். சிலவேளை குவளை முழுவதுமே தண்ணீராக இருக்கும். அப்போது பிரிகோடு தெரியாது. கோடு இல்லை, ஆகவே சரி என்று ஊற்றிவிடுவார்கள். நீல நிறம் இருக்கிறதா, மணம் வருகிறதா என்று பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

இரண்டாவது பிட்டோ குழாய், அதாவது வேகமானிக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் குழாய். குளவி ஒரே நாளில் அதற்குள் மண் வைத்துவிடும். மூடியைக் கழற்றியதும் குனிந்து துளைக்குள் பாருங்கள். பார்க்காமல் ஓடினால் ஓடுபாதையின் நடுவில் வேகமானி பூச்சியத்தில் நிற்கும்.

எரிபொருள் அளவைக் குச்சியால் பாருங்கள். கருவியை நம்ப வேண்டாம்.

6. அடிவானத்தைப் பிடிப்பது

மற்ற எல்லாம் இதற்கு மேல்தான் கட்டப்படுகிறது. ஆனால் எல்லோரும் அவசரமாகத் தாண்டுவதும் இதைத்தான்.

தரையில் ஓட்டும்போதே ஒரு பிசகு வரும். கார் ஓட்டிப் பழகியவர்கள் திரும்புவதற்குக் கையில் உள்ள யோக்கை (விமானத்தின் கைப்பிடிச் சக்கரத்தை) திருப்புவார்கள், விமானம் நேரே போய்க்கொண்டிருக்கும். தரையில் திருப்புவது கால். முதல் சில நாட்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு காலால் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பக்கக்காற்றுக்கு யோக் பிடிப்பதைப் பிறகு ஆசிரியர் சொல்லித்தருவார்.

மேலே போனதும் எஞ்சின் மூடிக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி என்று பாருங்கள். மட்டமாகப் பறக்கும்போது ஓர் அளவு, ஏறும்போது ஓர் அளவு, இறங்கும்போது இன்னோர் அளவு. இந்த மூன்று படங்களும் மனதில் பதிய வேண்டும். எஞ்சின் வலுவும் மூக்கின் நிலையும் சரியாக இருந்தால் வேகம் தானாக வரும்.

புதியவர் என்ன செய்வார்? வேகமானியைப் பார்ப்பார். 67 வேண்டும், 72 காட்டுகிறது. மூக்கைத் தூக்குவார். ஊசி உடனே இறங்காது, இன்னும் தூக்குவார். பிறகு ஊசி 58க்கு விழும். பயந்து மூக்கைத் தாழ்த்துவார். இப்படியே ஊசியைத் துரத்திக்கொண்டு அலை அலையாகப் போவார். விமானத்துக்கு எடை இருக்கிறது, வேகம் மாற நேரம் எடுக்கும். ஊசி காட்டுவது சற்று முன் செய்ததன் விளைவு. மூக்கை ஓரிடத்தில் வைத்து, அப்படியே பிடித்து, வேகம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் பாருங்கள். நல்ல ஆசிரியர்கள் ஒரு கடதாசியால் கருவிகளை மறைத்துவிடுவார்கள். உங்கள் ஆசிரியர் செய்யாவிட்டால், "சேர், இன்றைக்கு மறைத்துவிட்டு ஓட்டலாமா?" என்று நீங்களே கேளுங்கள்.

அடுத்தது ட்ரிம். மூக்கை வைத்தபின் கையில் தெரியும் அழுத்தம் போகும்வரை ட்ரிம் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் நிலை, பிறகு ட்ரிம். ட்ரிம்மைச் சுழற்றி மூக்கைத் தூக்குவது குறுக்குவழி. விமானம் அடங்கவே அடங்காது. சரியாக ட்ரிம் செய்திருந்தால் இரண்டு விரலால் ஓட்டலாம். யோக்கை விட்டதும் மூக்கு எங்கும் போகாவிட்டால் செய்தது சரி. முழங்கை வலித்தால் பிழை.

ஏறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். புரொப்பெல்லர் சுழலும் விதத்தால் வருவது இது. வலது கால் கொடுக்க வேண்டும். சமநிலைக் குண்டு (விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியின் குண்டு) நடுவில் இருக்கிறதா என்று ஒரு கணம் மட்டும் பாருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெப்பமான பின்னேரங்களில் கடலுக்கு மேல் புகைமூட்டம்போல் மங்கி, கடலும் வானமும் ஒன்றாகிவிடும். அடிவானமே இல்லாத பக்கம் பார்த்து அடிவானம் பழக முடியாது. அப்படியான நாளில் மூக்கை உள்நாட்டுப் பக்கம் திருப்பிவைத்துப் பழகுங்கள்.

7. சேர்க்கிட்டுக்கு முன் மெதுவாகப் பறக்கப் பழகுங்கள்

தரையிறக்கத்தின் கடைசிச் சில விநாடிகள் முழுவதும் மெதுவான பறப்புத்தான். அதை 3,000 அடியில் பழகினால் பிழை விட இடம் இருக்கும். ஓடுபாதைக்கு 10 அடி மேலே இருக்காது.

குறைந்த வேகத்தில் யோக் தளர்ந்து, பெரிதாக அசைத்தாலும் சிறிதாகத்தான் வேலைசெய்யும். எச்சரிக்கை ஒலி வரும். அந்த உணர்வைக் கைக்குப் பழக்குங்கள். ஸ்டால் ஆனால் (இறக்கையின் தூக்குவிசை குலைந்தால்) முதலில் மூக்கைத் தாழ்த்துவது, பிறகு முழு வலு, பிறகு இறக்கையை மட்டமாக்குவது. சாய்ந்துபோன இறக்கையை யோக்கால் நிமிர்த்தப் போவதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் பிழை.

சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகம் கூடும் என்பதையும் இங்கேயே பாருங்கள். 30 பாகைச் சாய்வில் கூடுவது பெரிதாகத் தெரியாது. 60 பாகையில் மட்ட உயரம் பிடித்தால் 1.4 மடங்காகும். கடைசித் திருப்பத்தைத் தவறவிட்டு இறுக்கித் திருப்பக்கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

8. சேர்க்கிட்டும் தரையிறக்கமும்

நல்ல தரையிறக்கம் டவுன்விண்டில் தொடங்குகிறது. அங்கே உயரமும் ஓடுபாதையிலிருந்து தூரமும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால், மற்றவற்றில் என்ன பிழை என்று கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு சுற்றும் வேறு வேறாக இருந்தால் எதைத் திருத்துவது?

வலுவைக் குறைக்கும் முன் கார்பரேட்டர் ஹீட்டை (கார்பரேட்டருக்குள் சூடான காற்றை விடும் பிடியை) இழுங்கள். "கொழும்பு வெயிலில் பனியா?" என்று கேட்பார்கள். 30 பாகை வெப்பத்திலும் ஈரப்பதன் கூடிய காற்று, வலு குறைத்த கார்பரேட்டருக்குள் போய்க் குளிர்ந்தால் உள்ளே பனி கட்டும். நமது காற்று அதற்கு மிகவும் பொருத்தமானது.

ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேரே இறங்கும் கடைசிப் பகுதியில்) 60 முதல் 65 நொட். முன்கண்ணாடியில் தெரியும் ஓடுபாதையின் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது அசையாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் அங்கேதான் போகிறீர்கள். மேலே நகர்ந்தால் அதை எட்டாமலே இறங்கிவிடுவீர்கள், கீழே நகர்ந்தால் தாண்டிப் போவீர்கள். ஒரு நாட்டிகல் மைலுக்கு 300 அடி என்பது சாதாரண இறக்கம்.

300 அடியில் வேகமும் நேர்கோடும் இறக்கமும் அடங்கவில்லையென்றால் இறங்காமல் மீண்டும் ஏறிச் சுற்றிப் போங்கள். முழு வலு, கார்பரேட்டர் ஹீட் உள்ளே, ஃபிளாப்பைப் படிப்படியாக மேலே. ஒரேயடியாக ஃபிளாப்பை எடுத்தால் விமானம் அமிழும். சுற்றிப் போவதைத் தோல்வியாக நினைக்கிற மாணவர்தான் கடைசியில் மூக்குச் சக்கரத்தை அடிப்பார்.

ஃபிளேரில் (தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தைக் குறைக்கும் கட்டத்தில்) கண் எங்கே பார்க்கிறது என்பதில்தான் எல்லாம். முன்சக்கரத்துக்கு நேரே கீழே பார்த்தால் தரை பாய்ந்து வருவதுபோல் தோன்றி, உயரத்திலேயே இழுத்துவிடுவீர்கள். ஓடுபாதையின் மறுமுனையைப் பாருங்கள். நீங்கள் அமிழ்வது ஓரக்கண்ணில் தெரியும். பிறகு விமானத்தை இறங்க விடாமல் பிடித்துக்கொண்டே இருங்கள். வேகம் தீர்ந்ததும் அது தானாக உட்காரும். மேலே எகிறினால் மூக்கைக் கீழே தள்ளக்கூடாது. சிறிதாக எகிறியிருந்தால் அப்படியே பிடியுங்கள், பெரிதென்றால் சுற்றிப் போங்கள்.

பெல்லன்வில - அத்திடிய ஈரநிலம் விமான நிலையத்துக்கு அடுத்தாற்போல் இருப்பதால் கொக்கும் பருந்தும் வழக்கமான சக பயணிகள். பெரும்பாலான பறவைகள் கீழ்நோக்கி விலகும். ஆகவே நீங்கள் மேலே போக வேண்டும். ஆனால் ஃபைனலில் வேகம் குறைவு என்பதை மறந்து திடீரென இழுத்துவிடாதீர்கள்.

9. தனியே போகும் நாள்

ஆசிரியர் இறங்கியதும் ஒரு ஆளின் எடை குறைந்துவிடும். விமானம் சீக்கிரம் எழும்பும், சேர்க்கிட் உயரத்தை வழக்கத்துக்கு முன்பே எட்டும், இறங்கும்போது கூடுதலாக மிதக்கும். இதை முன்கூட்டி எதிர்பார்த்தால் போதும்.

நண்பர் முன்னரே சோலோ போய்விட்டார் என்று கணக்குப் பார்க்காதீர்கள். தனியே பறந்தபின் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரேயொரு இலக்கு வைத்து, இறங்கியவுடனே கொப்பியில் என்ன நடந்தது, ஏன், அடுத்த தடவை என்ன என்று எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால் நன்றாகச் செய்தவை மட்டும்தான் நினைவில் இருக்கும்.

10. கரையோரமாகத் தெற்கே

தனியே போகும் நீண்ட பயணம் 150 நாட்டிகல் மைலுக்குக் குறையக்கூடாது. வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நிற்கவும் வேண்டும். நமக்குத் தெற்குக் கரை வசதியானது. கொக்கலை ஏறத்தாழ 55 நாட்டிகல் மைல், அங்கிருந்து வீரவில ஏறத்தாழ அதேயளவு. இரண்டும் விமானப்படைத் தளங்கள் என்பதால் முன் அனுமதி இல்லாமல் கிளம்ப முடியாது. அந்த வேலையைச் சில நாட்கள் முன்பே ஆசிரியருடன் தொடங்குங்கள்.

போகும்போது கடல் வலப்பக்கம். களுகங்கை முகத்துவாரமும் அருகே களுத்துறையின் வெள்ளைத் தாதுகோபுரமும், பேருவளை வெளிச்சவீடு, பெந்தோட்டை ஆறு, காலிக் கோட்டை, பிறகு கொக்கலை வாவி. ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் நேரத்தை முன்பே எழுதிவைத்து, அந்த நேரம் வந்தபின் கீழே தேடுங்கள். கீழே ஒன்றைக் கண்டுவிட்டு அதை வரைபடத்தில் தேடத் தொடங்கினால் எந்த ஆறும் பெந்தோட்டையாகத்தான் தோன்றும். 90 நொட்டில் நிமிடத்துக்கு ஒன்றரை மைல், கணக்கு இலகு.

வீரவிலவிலிருந்து நேர்கோட்டில் இரத்மலானைக்குத் திரும்பத் தூரம் குறையும், ஆசையும் வரும். குறுக்கே இறக்குவானை மலைகள். மதியத்துக்குள் அவற்றின் மேல் முகில் கட்டிவிடும். அடியில் நுழைந்து போகப் பார்த்தால் முகிலுக்கும் மலைக்கும் இடையே அகப்படுவீர்கள். வந்த கரையோரமாகவே திரும்புங்கள்.

வழி தவறினால் ஏறுங்கள், ரேடியோவில் சொல்லுங்கள். காலிக்கு வடக்கே நிலத்துக்கு மேல் இருந்தால், கரையைக் காணும்வரை மேற்கே போனால் ரயில் பாதையும் காலி வீதியும் கண்ணில் படும்.

கிளம்பும் முன் வழிப்பதிவுத் தாளில் இன்னொரு நேரத்தையும் எழுதுங்கள்: வீரவிலவிலிருந்து திரும்பிக் கிளம்பக்கூடிய கடைசி நேரம். பின்னேர இடிமழைக்கு முன் இரத்மலானையில் இறங்கும்படி அதைக் கணக்கிட வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் எஞ்சினை இயக்காமல் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, விமானத்தைக் கட்டிப்போட்டு, அன்றிரவு அங்கேயே தங்க ஏற்பாடு பாருங்கள்.